அணிநடைக்குக் கீழே எழுதிய குரல்

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு பின்னேரம் ஜெயரூபிக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அழகியற் பாடங்களுக்குப் பொறுப்பான உதவிப் பணிப்பாளர் பிரியந்தினி பேசினார். அவர் அவசரமில்லாமல் ஆறுதலாகப் பேசினால் ஏதோ பெரிய வேலை காத்திருக்கிறது என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று அவர் மழையைப் பற்றியும் வயலைப் பற்றியும் விசாரித்து முடித்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பெப்ரவரி நாலு, மாவட்டச் சுதந்திர தின விழா. இந்த முறை மூண்டு பள்ளிக்கூடப் பிள்ளையளும் சேர்ந்து ஒரே பாண்டா வாசிக்க வேணும். உங்கட பள்ளிக்கூடம், ரவுணில முஸ்லிம் பள்ளிக்கூடம், தெற்கில சிங்களப் பள்ளிக்கூடம். பாட்டுகளைப் பாண்டுக்கு அமைச்சு எழுதிறது நீங்கள்தான் ரூபி. வேற ஆரிட்டைக் கேக்கிறது?"

ஜெயரூபி செட்டிகுளத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீதம் படிப்பிப்பவள். கொழும்பில் மேற்கத்திய இசை படித்தவள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் இருந்தன. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பியவை. ஆனால் கீழ்க்குரல் வாத்தியம் ஒன்றுமில்லை. எந்தப் பாட்டை எழுதினாலும் அது காலில்லாமல் அந்தரத்தில் நின்றது. சிங்களப் பள்ளிக்கூடத்தில் ட்ரம்பெட், ட்ரம்போன், தாழ்ந்த குரலுள்ள யூபோனியம் என்று பித்தளை வாத்தியங்கள் நிறைய இருந்தன. முஸ்லிம் பள்ளிக்கூடத்து மேளகாரப் பிள்ளைகள் மாகாணப் போட்டியில் பரிசு எடுத்தவர்கள். மூன்றையும் ஒன்றாக வைத்தால் ஒரு முழுமையான பாண்ட். இப்படி ஒரு பாண்டுக்கு எழுத வேண்டும் என்று அவள் படிக்கிற காலத்திலிருந்தே ஆசைப்பட்டிருந்தாள். அதனால் பாட்டுகள் என்னவென்று கேட்காமலே சம்மதித்துவிட்டாள்.

பாட்டுகளின் பெயர் அடுத்த நாள் வந்தது. ஒரு சிங்கள தேசபக்திப் பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டு, இரண்டு மொழியிலும் பிள்ளைகள் பாடும் ஒரு பாட்டு. நாலாவது, ஒரு இராணுவப் படைப்பிரிவின் அணிநடைப் பாட்டு, சிப்பாய்கள் நடைபோடும் மார்ச். விழாவுக்கு ஒரு இராணுவ அதிகாரி வருகிறார், அதனால் ஒரு அணிநடையாவது இருக்கட்டும் என்றார் பிரியந்தினி.

அந்த அணிநடை ஜெயரூபிக்குப் பழக்கமானது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது, தாயும் அவளும் இப்போதைய பள்ளிக்கூடத்துக்குக் கிட்டத்தான், போரில் இடம்பெயர்ந்தவர்களை இராணுவம் வைத்திருந்த முகாமில் இருந்தார்கள். முகாம் ஒலிபெருக்கியில் காலை வேளைகளில் அந்தப் பாட்டைத்தான் போடுவார்கள். வெறும் வாளியோடு தண்ணீர் வரிசையில் நின்றபடி அதைக் கேட்டிருக்கிறாள். சொற்கள் விளங்காது. மெட்டு மட்டும் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒன்றுக்காக மற்ற மூன்றையும், அந்த முழு பாண்டையும் விட அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்று பள்ளிக்கூட ஆசிரியர்களும் முதல் தடவையாக வவுனியா நகரில், ரவுண் முஸ்லிம் பள்ளிக்கூட மண்டபத்தில் சந்தித்தார்கள். சிங்களப் பள்ளிக்கூடத்திலிருந்து ரத்னசிறி வந்தார். இராணுவ பாண்டில் யூபோனியம் வாசித்து ஓய்வு பெற்றவர். இப்போது பிள்ளைகளுக்குப் பித்தளை வாத்தியங்கள் பழக்குகிறார். நிமிர்ந்த முதுகு, கறுப்புச் சாயம் பூசிய மீசை. தமிழை உடைத்து உடைத்து, ஆனால் கூச்சமில்லாமல் பேசினார். மேளத்துக்குப் பொறுப்பான சப்ராஸ், புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு வடக்குக்குத் திரும்பி வந்த இளம் ஆசிரியர். கதைக்கிறபோதும் அவருடைய விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

"ரீச்சர், என்ட பிள்ளையளுக்குச் சும்மா டும் டும் எண்டு எழுதிப் போடாதீங்க," என்றார் சப்ராஸ். "அவங்களுக்குக் கோவம் வரும். எனக்கு அதுக்கும் மேல வரும்."

ரத்னசிறி சிரித்தார். "எங்க பிள்ளைக்குச் சின்னதா எழுதுங்க. காத்து கொஞ்சம்தான் இருக்கு."

பாண்டுக்கு எழுதுவது ஒரு பாட்டைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை. யார் மெட்டைச் சொல்வது, யார் அதைத் தாங்குவது, யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குவது என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி இசைத்தாள் எழுத வேண்டும். கிளாரினெட்டுக்கு ஒரு சுருதி, சாக்ஸபோனுக்கு வேறொரு சுருதி. ஒன்றில் பிசகினால் முழு பாண்டும் பல் கூசுகிற மாதிரி ஒலிக்கும். மார்கழி விடுமுறை முழுவதும் ஜெயரூபி அதே வேலையாக இருந்தாள். சிங்களப் பாட்டின் மெட்டைத் தன்னுடைய கிளாரினெட் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். தமிழ்ப் பாட்டின் மெட்டை ரத்னசிறியின் ட்ரம்பெட் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். இரு மொழிப் பாட்டின் நடுவே மற்ற எல்லா வாத்தியங்களையும் நிறுத்தி, சப்ராஸின் பிள்ளைகளுக்குப் பதினாறு மாத்திரை வெளியை விட்டாள். எந்தப் பள்ளிக்கூடமும் மற்ற இரண்டும் இல்லாமல் ஒரு பாட்டைக்கூட வாசித்து முடிக்க முடியாதபடி எழுதியதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

அணிநடையைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் வேறு வழியில்லாமல் கீபோர்டில் உட்கார்ந்தாள். மெட்டை ட்ரம்பெட்டுக்கு எழுதினாள். மெட்டைத் தாங்கும் துணைச் சுரங்களைக் கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் ட்ரம்போனுக்கும் எழுதினாள். வாசித்துப் பார்த்தாள். வரிசையும் வாளியும் புழுதியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. இப்படியே பிள்ளைகள் கையில் கொடுக்க அவளால் முடியவில்லை. கீழே ஏதாவது மெதுவாகப் போனால் மேலே உள்ள முறுக்கு கொஞ்சம் தணியும் என்று தோன்றியது. யூபோனியத்துக்கு நீண்ட, சாவதானமான ஒரு வரியை எழுதத் தொடங்கினாள். மேலே அணிநடை இரண்டு அடி வைக்கிற நேரத்தில் கீழே அது ஓர் அடி வைத்தது. கை யோசிக்காமலே எழுதிக்கொண்டு போனது. ஒரு சுரத்தைக்கூட அவள் அழிக்க வேண்டியிருக்கவில்லை. முடித்து வாசித்தபோது அந்தப் பாட்டை முதல் தடவையாக அவளால் கடைசிவரை கேட்க முடிந்தது.

தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை முதல் ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூட்டம் போட்டு இருந்தார்கள். ஜெயரூபி அவர்களை வாத்தியப்படி கலைத்து உட்கார வைத்தாள். சாக்ஸபோன் தாளில் சுருதி பிசகியிருந்ததால் தமிழ்ப் பாட்டு தொடங்கியதுமே எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாதித் தூரம் குறைந்துவிட்டது. கடைசியாக அணிநடை. ரத்னசிறியின் மாணவிகள் இரண்டு பேர் யூபோனியத்தில் அந்தக் கீழ் வரியை வாசித்தார்கள். பாட்டு முடிந்ததும் ரத்னசிறி எழுந்து ஜெயரூபியிடம் வந்தார்.

"ரீச்சர், இந்த மார்ச் நான் எத்தனையோ வருசம் வாசிச்சது. இப்பிடி நான் கேட்டது இல்ல. அந்தக் கீழ போற குரல்... அது மிச்சம் நல்லது."

ஜெயரூபிக்குப் பெருமையாக இருந்தது. சப்ராஸ் தன்னுடைய போனில் எடுத்திருந்த பதிவைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றே அனுப்பிவிட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் சாக்ஸபோன் பிழையைத் திருத்துவதற்காக அவள் அந்தப் பதிவை மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் இராசேஸ்வரி குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அணிநடை தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர் கையில் இலைக் காம்போடு வெளியே வந்து நின்றார்.

"இதை ஆர் எழுதினது?"

"அது ஆமிக்காரற்ற மார்ச் அம்மா. முகாமில போடுறவங்களே, அது."

"அது எனக்குத் தெரியாதே? அதை நான் கேக்கேல்லை. அதுக்குக் கீழால தடிச்ச குரலில ஒண்டு போகுதே. அதை ஆர் எழுதினது?"

"அது நான் எழுதினனான்."

இராசேஸ்வரி கதிரையில் உட்கார்ந்தார். "நீ எழுதேல்லைப் பிள்ளை," என்றார் மெதுவாக. "கொண்ணை விஜிதரனைக் கொண்டு வரேக்கை போட்டவங்களே, அந்தப் பாட்டு அது."

ஜெயரூபி பதிவைத் திரும்பப் போட்டாள். இந்தத் தடவை மேலே போகிற மெட்டை விட்டுவிட்டு அடியில் போவதை மட்டும் பிடித்துக்கொண்டு போனாள். மூன்றாவது வரியில் சொற்கள் தாமாக வந்து சேர்ந்தன. பதிவை நிறுத்தினாள்.

அண்ணன் விஜிதரன் புலிகள் இயக்கத்துக்குப் போய், இரண்டாயிரத்து எட்டில் பெட்டியில் திரும்பி வந்தவன். கிளிநொச்சியில் இரணைமடு வாய்க்கால் ஓரமாக ஒலிபெருக்கி கட்டிய வாகனம் முன்னால் வர, பின்னால் பெட்டி வந்தது. வாகனம் மெதுவாக ஊர்ந்தது. அந்தப் பாட்டு அதைவிட மெதுவாக ஊர்ந்தது. அவள் அண்ணனின் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். போர் முடிந்த பிறகு அந்தப் பாட்டை யாரும் பாடவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. அவள் அதை மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தாள். இரண்டு பாட்டும் ஒரே துணைச் சுரங்களின் மேல்தான் நின்றிருக்கின்றன. ஒன்றின் அடியில் மற்றது ஒரு முட்டுமில்லாமல் பொருந்திக்கொண்டது.

"அழிச்சுப் போடு ரூபி," என்றார் தாய். "உந்தப் பாட்டைப் போனில வைச்சிருந்ததுக்கே விசாரணைக்குக் கூப்பிட்ட கதையள் இருக்கு. நீ ஆமி அதிகாரிக்கு முன்னால பிள்ளையளைக் கொண்டு வாசிப்பிக்கப் போறாய்."

"ஓம் அம்மா. அழிக்கிறன்."

இராசேஸ்வரி எழுந்து குசினி வாசல்வரை போனார். அங்கே நின்று, திரும்பாமலே, "இன்னொருக்கால் போடு. ஒருக்கா மட்டும் கேக்கிறன்," என்றார்.

சத்தம் போடாமல் மாற்றிவிடுவது லேசான வேலை. யூபோனியம் தாளைத் திரும்ப எழுதி, பிழை இருந்தது என்று சொல்லிக் கொடுத்தால் போதும். ஜெயரூபி அப்படித்தான் முடிவெடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரகத்தியின் அழைப்பு வந்து அதைக் குழப்பிவிட்டது. வீரகத்தி, அவளிடம் கிளாரினெட் படிக்கும் தயாளினியின் தகப்பன்; வயல் செய்கிறவர், ஒரு கால் ஊனம்.

"ரீச்சர், வாட்ஸ்அப்பில கேட்டனான். ஒண்டும் சொல்ல மாட்டன், பயப்பிடாதேங்கோ. ஆனா நல்ல வேலை செய்தியள்! அவங்கட பாட்டுக்குள்ளயே எங்கட பாட்டை வைச்சு, அவங்கட பிள்ளையளைக் கொண்டே..." அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "என்ர மனம் ஆறினது ரீச்சர்."

"அண்ணை, நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"ஓம் ஓம், அப்பிடியே சொல்லுங்கோ. ஆரும் கேட்டா அப்பிடியே சொல்லுங்கோ."

 வீரகத்தி கண்டுபிடித்தது போல இன்னும் பலர் கண்டுபிடிப்பார்கள். பிடிபடுகிற பயம் ஒரு பக்கம். அதைவிட அந்த இரண்டு சிறுமிகளின் நினைப்புத்தான் அவளை அரித்தது. கன்னத்தை ஊதி, கண்ணை இசைத்தாளை விட்டு எடுக்காமல், ரீச்சர் எழுதியதைச் சரியாக வாசிக்க வேண்டும் என்று பாடுபட்டவர்கள். அவர்களை வைத்து யாரையோ வென்றதாக ஒருவர் சந்தோஷப்படுகிறார். அண்ணனின் பாட்டை அவள் அதற்காக எழுதவில்லை. இதை மூடி மறைத்தால் நாளைக்கு ரத்னசிறியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது என்று பட்டது.

அன்றே பஸ் எடுத்து, ரத்னசிறி இருக்கும் ஊருக்குப் போனாள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். ஜெயரூபி தேநீரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தமிழில் தொடங்கி, அவருக்கு விளங்காத இடங்களில் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். வீரகத்தியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ரத்னசிறியின் முகம் சிவந்தது. "ரீச்சர் வேணும் எண்டு செய்ததா?"

"இல்லை சேர். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"அந்தப் பாட்டு எங்க பிள்ளைங்க கையில. எங்க பிள்ளைங்க வாசிச்சது. நான் நல்லது எண்டு சொன்னது." அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஜெயரூபி எழுந்து நின்றாள். போய்விடுவதா, நிற்பதா என்று தெரியவில்லை. உள்ளே கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவர் யூபோனியத்தோடு திரும்பி வந்தார். கதிரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்தக் கீழ் வரியைத் தனியாக வாசித்தார். அணிநடை இல்லாமல் வாசித்தபோது அது என்னவென்பதில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. பின்வாசலால் கிணற்றடிக்கு வந்திருந்த மனைவி வாளியைக் கீழே வைத்தார்.

"இது சண்டைக்குப் போற பாட்டு இல்ல," என்றார் ரத்னசிறி. "இது செத்த வீட்டுப் பாட்டு."

"ஓம். அண்ணாவைக் கொண்டு வரேக்கை இதைத்தான் போட்டவை."

அவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டார். "ரீச்சர், நீங்க முகாமில கேட்ட அந்த மார்ச், நான் மைதானத்தில வாசிச்சது கொஞ்சம். சவக்காலையில வாசிச்சதுதான் நிறைய. மெதுவா வாசிக்கச் சொல்லுவாங்க. ஊர் ஊரா பஸ்ஸில போவம். அம்மாமார் எல்லாம் பெட்டியில விழுந்து அழுவாங்க, நாங்க வாசிப்பம். என் அக்கா மகனுக்கும் நான்தான் வாசிச்சது. அழ ஏலாது. அழுதா காத்து வராது."

கிணற்றடியில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் என்ர வரியை எடுத்துப் போடுறன் சேர்," என்றாள் ஜெயரூபி. "மேல மார்ச் மட்டும் இருக்கட்டும். அதைத்தானே கேட்டவை."

ரத்னசிறி மறுத்துத் தலையை ஆட்டினார். "கீழ எடுத்தா மேலயும் எடுக்கணும்."

"அப்ப என்னத்தை வாசிக்கிறது?"

"தாள் இருக்கா?"

அவள் முழு இசைத்தாளையும் மேசையில் விரித்தாள். ரத்னசிறி பென்சிலால் ட்ரம்பெட் வரியில் ஒரு கோடு போட்டார். பென்சிலை அவளிடம் நீட்டினார். அவள் யூபோனியம் வரியில் ஒரு கோடு போட்டாள். பிறகு இருவரும் மிச்சத்தைப் பார்த்தார்கள். கிளாரினெட்டும் சாக்ஸபோனும் ட்ரம்போனும் பிடித்துக்கொண்டு நின்ற துணைச் சுரங்கள் மட்டும் அப்படியே இருந்தன. இரண்டு பாட்டையும் தோளில் சுமந்தவை அவைதான். ஜெயரூபி அவற்றை வாயால் பாடிப் பார்த்தாள். ரத்னசிறி கீழே ஒரு சுரத்தைப் பிடித்தார். மிகவும் மெதுவாக, மூச்சு முட்டுகிறவரை நீட்டிப் போனார்கள். மெட்டு இல்லாமலே அது தன்னுடைய காலில் நின்றது. ஆறிப்போன தேநீரை அவள் குடித்து முடிக்கும்போது யூபோனியத்துக்கும் ட்ரம்பெட்டுக்கும் புதிய துணை வரிகள் பாதி எழுதப்பட்டிருந்தன.

அடுத்த ஒத்திகையில் சப்ராஸ் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மெட்டு எங்க? அதை விடுங்க, எங்கட மேளம் எங்க?"

அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னார்கள். முதலில் அவருடைய கை போனுக்குப் போனது; குழுவில் போட்ட பதிவை அழித்தார்.  அவருடைய விரல்கள் தாளம் போடுவதை நிறுத்தியிருந்தன.

"மேளம் வேணாம்," என்றார். "என்ட பிள்ளையளும் எழும்பி நிக்கட்டும். வாசிக்காம நிக்கட்டும்."

பிரியந்தினி நிகழ்ச்சி நிரல் அச்சுக்குக் கொடுக்க முன் ஒருமுறை கேட்டுப் பார்க்க வந்தார். மூன்று பாட்டுக்கும் தலையாட்டி ரசித்தவர் நாலாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அணிநடை எங்கை?"

"அதுதான் மேடம் இது," என்றார் ரத்னசிறி. "கொஞ்சம் மெதுவா."

"மெட்டு இல்லை மிஸ்," என்றாள் ஜெயரூபி. "அதுக்குத் துணையா நிண்ட சுரங்கள் மட்டும்தான். மெட்டோட வாசிக்க என்னாலை ஏலாது."

பிரியந்தினி அவளை ஒரு தடவை கூர்ந்து பார்த்தார். அவரும் அந்த வருடம் அந்த முகாமில்தான் இருந்தவர் என்பதை ஜெயரூபி பின்னாளில்தான் அறிந்தாள். "இன்னொருக்கால் வாசியுங்கோ," என்று மட்டும் சொன்னார். இரண்டாம் தடவை முடிந்ததும் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நிரலில என்ன பேர் போடுறது? அணிநடை எண்டு போட ஏலாது. சும்மா நாலாவது பாட்டு எண்டும் போட ஏலாது."

 சப்ராஸ்தான் தொண்டையைச் செருமினார். "எங்கட மூத்தவாப்பா, வாப்பாட வாப்பா, கச்சு முகம்மது முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில இயக்கம் எங்கட ஆக்களை வெளியேத்தினப்போ வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில முடிஞ்சுகொண்டு வெளிக்கிட்டவர். ஒரு மாசத்தில வந்திருவம் எண்டு சொன்னவராம். புத்தளத்திலதான் மௌத்தானார். வீடு திரும்பாத ஆக்கள் எல்லாப் பக்கத்திலயும் இருக்கிறாங்க ரீச்சர்."

பிரியந்தினி எழுதினார்: வீடு திரும்பாதவர்களுக்கு. அதைச் சிங்களத்திலும் எழுதச் சொல்லி ரத்னசிறியிடம் தாளை நீட்டினார்.

வீரகத்திக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். "ஏன் ரீச்சர் எடுத்தனீங்கள்? பயந்திட்டியளோ?"

"பயமும்தான் அண்ணை. ஆனா அது மட்டுமில்லை. அதை வாசிச்ச பிள்ளையளுக்குத் தெரியாமல் அவையளைக் கொண்டு அதை வாசிப்பிக்கிறது சரியில்லை. என்ர அண்ணாவுக்கும் அது மரியாதை இல்லை."

"தயாளினியை நான் நிப்பாட்டலாம்."

"நிப்பாட்டலாம். அவள் போனா ரெண்டாம் கிளாரினெட்டுக்கு ஆளில்லை. உங்கட விருப்பம்."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அடுத்த ஒத்திகைக்குத் தயாளினியைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். மண்டபத்துக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியில் இருந்து முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

சுதந்திர தினத்தன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. பந்தலின் முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் பெற்றோர். தமிழ்ப் பெற்றோர் ஒரு பக்கம், சிங்களப் பெற்றோர் ஒரு பக்கம், முஸ்லிம் பெற்றோர் நடுவில் என்று கதிரைகள் தாமாகவே பிரிந்திருந்தன. பாண்டில் மட்டும் யார் எந்தப் பள்ளிக்கூடம் என்று கண்டுபிடிக்க உடுப்பைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. தேசிய கீதத்துக்குப் பிறகு மூன்று பாட்டுகளும் நன்றாகப் போயின. சப்ராஸின் பிள்ளைகளுடைய பதினாறு மாத்திரைக்கு ஆட்கள் விசிலடித்தார்கள்.

நாலாவது பாட்டின் பெயரை இரண்டு மொழியிலும் வாசித்தார்கள். மேளகாரப் பிள்ளைகள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஜெயரூபி கையை உயர்த்தினாள்.  பாண்டின் முன்வரிசையில் யூபோனியச் சிறுமி ஒருத்தி அவளைப் பார்த்து, மூச்சு எடுத்துவிட்டேன் என்பது போலத் தோளை உயர்த்திக் காட்டினாள். ஜெயரூபி கையை இறக்கினாள்.

சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பி நின்றன. அசைவதே தெரியாமல் மெல்ல மாறின. சனங்கள் மெட்டு வரும் வரும் என்று காத்திருந்தார்கள். வராது என்று விளங்கியபோது கதிரைகளின் சத்தம் அடங்கியது. ஒரு கைக்குழந்தை மட்டும் எங்கோ சிணுங்கிக்கொண்டிருந்தது. முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டதா என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தட்டக் கூடாது என்று நினைத்தார்கள். இராணுவ அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் நிரலைக் காட்டினார். அதிகாரி அதை வாசித்து, தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். ரத்னசிறியின் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு முதலாவதாகக் கை தட்டினார். பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது இராசேஸ்வரி மகளிடம் வந்தார். அவளுடைய நெற்றி வியர்வையைக் கையாலேயே வழித்துவிட்டார்.

"நான் அதைப் பாடினனான்," என்றார்.

ஜெயரூபி திடுக்கிட்டாள். "எதையம்மா?"

"கொண்ணையின்ர பாட்டை. உள்ளுக்குள்ளதான். நீங்கள் வாசிச்சது அதுக்கு இடம் விட்டுது. பக்கத்தில இருந்த மனிசி என்னத்தைப் பாடினாவோ, ஆருக்குத் தெரியும். அவாவின்ர வாயும் அசைஞ்சது."

பந்தலுக்குப் பின்னால் வாத்தியங்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய மேளத்தின் ஒரு பக்கத்தை ரத்னசிறி தூக்க, மறுபக்கத்தைத் தூக்க ஆள் இருக்கவில்லை. வீரகத்தி காலை இழுத்துக்கொண்டு வந்து அதைப் பிடித்தார்.  ஏற்றி முடிந்ததும் ரத்னசிறி, "அண்ணன், இன்னும் ஒண்டு இருக்கு," என்றார். வீரகத்தி, "ஓம், கொண்டு வாங்கோ," என்றார்.

விழாவோடு கலைந்துவிடும் என்று நினைத்த பாண்ட் கலையவில்லை. பிள்ளைகள் விடவில்லை. பிரியந்தினி வலயத்தோடு கதைத்து, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளுக்கு ஒரு பஸ் ஒழுங்கு செய்து தந்தார். பங்குனியில் முதல் சனிக்கிழமை கூடியபோது, வாசிப்பதற்குப் புதுப் பாட்டு ஒன்றும் இன்னும் எழுதியிருக்கவில்லை. சுருதி சேர்ப்பதற்காக ஜெயரூபி அந்த நாலாவது பாட்டையே வாசிக்கச் சொன்னாள். பாதி வழியில் கிளாரினெட் வரிசையிலிருந்து எழுதாத ஒரு மெட்டு கேட்டது. அவள் நிறுத்தினாள்.

"ஆரது?"

தயாளினி எழுந்து நின்றாள். "நான்தான் ரீச்சர். மேல மெட்டில்லாமல் சும்மா இருந்தது, அதுதான் ஒண்டு போட்டுப் பாத்தனான்."

"என்ன பாட்டு அது?"

"பாட்டில்லை ரீச்சர். நானாப் போட்டது."

ட்ரம்பெட் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன. தங்களிடமும் மெட்டுகள் இருக்கின்றனவாம். ஒன்று தொலைக்காட்சியில் வரும் சவர்க்கார விளம்பரத்தின் மெட்டு என்பதை எல்லோரும் உடனே கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள். மற்றது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நடுவில் வழி தவறி எங்கோ போய்விட்டது. தயாளினியுடையதை மறுபடி வாசிக்கச் சொன்னபோது சப்ராஸ் தன் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்; குச்சிகள் கைக்கு வந்தன.

"உது சாக்ஸபோனுக்கு எந்தச் சுருதியில வரும் சொல்லு பாப்பம்," என்று கேட்டுக்கொண்டே ஜெயரூபி ஒரு வெற்று இசைத்தாளைத் தயாளினியின் முன்னால் வைத்தாள். தயாளினி விரல்விட்டு எண்ணினாள். ஒரு தரம் பிழையாகச் சொன்னாள். யூபோனியச் சிறுமி எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் சரியான விடையைச் சொல்ல, தயாளினி அதை எழுதிக்கொண்டாள்.